பெரியவர் தூங்கிட்டார்

காலையில் ரேடியோவில் முதலில் வந்தது காவலன் சிரொங்காவின் குரல்.

"அக்கா, தாத்தா கருந்தண்ணி ஓடைக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கார். வயிறு ஒட்டிப்போய்க் கெடக்கு."

காப்பு நில ஆபீசின் ரேடியோ அறையில், நொலாரி சுவரிலிருந்த வரைபடத்தில் ஓடைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு ஊசியைக் குத்தினாள். கையை எடுப்பதற்குள் லெகிஷோன் வந்துவிட்டார்.

"நொலாரி, மாடு கன்னு சுகமா? புள்ளைங்க சுகமா? பெரியவர் கல்மேட்டைத் தாண்டிப் போயிருக்காரு. தடம் புதுசா இருக்கு."

கல்மேட்டில் இன்னொரு ஊசி. அடுத்ததாகச் சுற்றுலா முகாமின் டிரைவர், யாரும் கேட்காமலே, "கழுத்துல பட்டை போட்டவரு எங்க முகாமுக்குப் பின்னாடி இப்பத்தான் உறுமிட்டுப் போனாரு" என்றான். மூன்றாவது ஊசியையும் குத்திவிட்டு நொலாரி வரைபடத்தையே பார்த்தபடி நின்றாள். தாத்தா, பெரியவர், பட்டை போட்டவர். மூன்றும் ஒரே சிங்கம்தானா, இல்லை பொழுது விடிவதற்குள் மூன்று சிங்கம் முளைத்துவிட்டதா? மரியாதை கொடுத்துக் கொடுத்தே இந்த ஆட்கள் என்னைப் பைத்தியமாக்கப் போகிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டாள்.

அந்தச் சிங்கத்துக்கு ஒரு பெயர் உண்டு. வாய் நிறையக் கூப்பிடக்கூடிய ஒழுங்கான பெயர். நொலாரியின் அப்பாவுடைய பெயர். அதை மயக்கி, இருக்குமிடம் காட்டும் கழுத்துப் பட்டையை முதன்முதலாக மாட்டிய அன்று, காவலர்கள் சுற்றி நின்று பார்த்துவிட்டு, யோசிக்காமலே அந்தப் பெயரைச் சொல்லிவிட்டார்களாம். அவரைப் போலவே நீண்ட உடம்பு, அவரைப் போலவே தனி நடை, எந்த வீட்டில் கறி வேகிறதோ அங்கே அழைக்காமல் போய் நிற்கிற குணம். அப்பா கேள்விப்பட்டு ஆபீசுக்கே வந்து கத்தினார். தன் பெயரைக் காட்டு மிருகத்துக்கு வைத்ததற்கு ஓர் ஆடு அபராதம் என்றார். ஆடு வந்தது. அதை அறுத்து, அபராதம் கட்டியவர்களையே கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டு தின்றார். அதற்குப் பிறகு, மாட்டை ஓட்டிக்கொண்டு போகும்போது ரேடியோ அறை ஜன்னலில் தலையை நீட்டி, "என் பேர்க்காரன் எங்க கெடக்கான்?" என்று கேட்காமல் நகரமாட்டார்.

பொய்த்துப்போன மழைக்காலத்துக்கு முன்னால் அப்பா தூங்கிவிட்டார். பெரியவர்களுக்கு எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்தான். செத்துப்போவதெல்லாம் ஆடும் மாடும் எதிரியும். தூங்கியவரின் பெயரை அதற்குப் பிறகு அவர் வீட்டார் காதில் விழும்படி யாரும் சொல்லக்கூடாது. சொன்னால், நிம்மதியாகப் படுத்தவரைத் தோளைப் பிடித்து உலுக்கியது போல. ஆளில்லாத பொட்டலில் நின்று சொல்லிக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் ரேடியோவில் எதைச் சொன்னாலும் அது முதலில் போய் விழுவது நொலாரியின் காதில். காவலர்கள் என்ன செய்வார்கள்? ஆளுக்கொரு மாற்றுப் பெயரைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

காப்பு நிலக் கமிட்டி உட்கார்ந்து எல்லோருக்கும் பொதுவாக ஒரு புதுப் பெயரை முடிவு செய்திருக்கலாம். ஆனால் கமிட்டி கூடுவது ரேடியோ அறைக்கு அடுத்த அறையில். நடுவே இருப்பது வெறும் தகரச் சுவர். எந்தச் சிங்கத்தைப் பற்றிப் பேச்சு என்று யாராவது ஒருவர் வாயைத் திறந்து சொல்லியாக வேண்டுமே! ஒவ்வொருவரும் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார்கள், தொண்டையைக் கனைத்தார்கள், சர்க்கரை தூக்கலாகப் போட்ட பால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

இதில் இன்னொரு தொல்லை. அந்தப் பெயர் எங்கள் பேச்சில் ஒரு சாதாரணச் சொல்லும்கூட. உயரமானவன் என்று அர்த்தம். ஆகவே நொலாரியின் முன்னால் உயரமும் போயிற்று. உயர்ந்த புல், உயர்ந்த மேடு, எதுவும் கிடையாது. ஒட்டகச்சிவிங்கிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்த சிரொங்கா, வாயில் வந்த வருணனையை மென்று முழுங்கிவிட்டு, "அக்கா, அந்த... அண்ணாந்து மேயுமே, அதுங்க... அதுல ஒண்ணு ரொம்பவே அண்ணாந்து மேயுது" என்றான். அவள் சிரித்திருப்பாள், ஆனால் அந்த வாரம் சிரிப்பு வரவில்லை.

ஊர் தன்னை எவ்வளவு பொத்திப் பார்க்கிறது என்பது அவளுக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் வலித்தது. முன்பெல்லாம் நாள் முழுக்க அந்தப் பெயர் ரேடியோவில் வந்துகொண்டே இருக்கும். இன்னார் தண்ணீர் குடிக்கிறார், இன்னார் நிழலில் காலை நீட்டிவிட்டார், இன்னார் பெண்சிங்கத்திடம் அறை வாங்கிக்கொண்டு முழிக்கிறார். இப்போது வீட்டிலும் இல்லை, ரேடியோவிலும் இல்லை. அப்பா போன துக்கம் ஒரு பக்கம் இருக்க, அந்தப் பெயர் காணாமல்போன துக்கம் அவளைத் தனியாக அரித்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால், கட்டுப்பாடு தெரியாதவள் என்பார்கள். தான் தேடுவது அப்பாவையா, சிங்கத்தையா, வெறும் ஒரு சொல்லையா என்று அவளுக்கே குழப்பமாக இருந்தது.

அந்தச் சிங்கத்துக்குத்தான் இன்று முடிவு கட்டப் போகிறார்கள்.

வறட்சியில் வரிக்குதிரைக் கூட்டமெல்லாம் சதுப்புக்கு அப்பால் போய்விட, இரவில் மாட்டுப் பட்டிகளின் முள்வேலியைத் தாண்டி ஏதோ ஒரு சிங்கம் வர ஆரம்பித்தது. நொலாரியின் தம்பி மெய்த்தாமேயின் வெள்ளைக்கண்ணிப் பசு போயிற்று. அடுத்து சினைமாடு ஒன்று. கிழட்டுச் சிங்கத்தின் வேலை என்றார்கள் சிலர். காது கிழிந்த இளஞ்சிங்கம் ஒன்று புதிதாகச் சுற்றுகிறது, அதன் வேலை என்றார்கள் வேறு சிலர். பட்டையின் பேட்டரி உயிரை விட்டுக்கொண்டிருந்ததால் அதைக் கேட்டும் பயனில்லை. இளவட்டங்கள் செம்மண்ணும் கொழுப்பும் பூசிக்கொண்டு ஈட்டியைத் தீட்டினார்கள். நிலம் நம்முடையது, புல் நம்முடையது, மாடு நம்முடையது, சிங்கம் மட்டும் யாருடையது என்று மெய்த்தாமே கூட்டத்தில் கேட்டான். சேர்மன் நம்பாசோதான் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டு ஒரு நாள் தவணை வாங்கினார். மிருக டாக்டர் வருவார். கிழவரை மயக்கி, கூண்டில் ஏற்றி, சதுப்புக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுவார். சூரியன் உச்சிக்கு வரும்வரை இளவட்டங்கள் அத்திமரத்தடியில் காத்திருப்பார்கள். அதற்குள் ஆகவில்லையென்றால் அவர்கள் பாடு, அவர்கள் ஈட்டி பாடு.

நொலாரிக்குச் சிங்கம் உயிரோடு போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான். தம்பியின் மாட்டைத் தின்றதாகச் சொல்லப்படும் சிங்கத்துக்காகக் கவலைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

சேர்மன் டாக்டரைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். டாக்டர் கியாலோ கம்பா நாட்டுக்காரர். இந்தப் பக்கத்துக்குப் புதுசு. வந்ததும் வராததுமாக வரைபடத்தைப் பார்த்தார்.

"மூணு சிங்கமா? ஒண்ணுன்னுதானே சொன்னாங்க?"

"ஒண்ணுதான் டாக்டர்" என்றாள் நொலாரி. "ஊசிதான் மூணு."

டாக்டர் அவளைப் பார்த்தார், ஊசிகளைப் பார்த்தார், சேர்மனைப் பார்த்தார். "சரி. அதுக்குப் பேர் எதுவும் வச்சிருக்கீங்களா? ரேடியோல பேச வசதியா இருக்கும்."

சேர்மனுக்கு முழி பிதுங்கியது. "பேரா? பேரு... இருந்துச்சு."

"இப்ப?"

"இப்ப இல்ல."

"சிங்கம் இருக்கு, பேர் இல்லையா?"

"ஆமா. அப்படி வச்சுக்கோங்களேன்." சேர்மன் அவர் முழங்கையைப் பிடித்து வாசலுக்கு நகர்த்தினார். "வெயில் ஏறுது டாக்டர். லெகிஷோன் உங்ககூட வருவான், அவனுக்கு எல்லாம் தெரியும்."

டாக்டர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். இந்த ஊர்க்காரர்களுக்குத் தலையில் ஏதோ கோளாறு என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. கூண்டு லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு கிளம்பியது. நம்பாசோ ரேடியோ அறையிலேயே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூக்குப்பொடி டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அப்பாவுக்கு அவர் ஒரே வயதுக் குழுவைச் சேர்ந்த தோழர். நொலாரிக்குப் பெரியப்பா முறை.

வெயில் ஏறியது. ஓடையில் சிங்கம் இல்லை, கல்மேட்டிலும் இல்லை. பிறகு சிரொங்காவின் குரல் மூச்சிரைக்க வந்தது.

"அண்ணே, லெகிஷோன் அண்ணே! தாத்தாவைப் பாத்துட்டேன். அத்திமரத்துக்குக் கீழ, பள்ளத்துல. சீக்கிரம் வாங்க!"

"வந்துட்டோம்" என்றார் லெகிஷோன்.

பிறகு லெகிஷோன், "டேய், நாங்க அத்திமரத்தடியிலதான் நிக்கிறோம். இங்க ஒரு குரங்குதான் இருக்கு. எங்கடா நிக்கிறே?"

"அத்திமரத்தடியிலதான்ணே."

"நானும் அத்திமரத்தடியிலதான்டா நிக்கிறேன்!"

நொலாரி வரைபடத்தைத் திரும்பிப் பார்த்தாள். எங்கள் காப்பு நிலத்தில் அத்திமரம் இரண்டு. ஒன்று குட்டை அத்தி. பெண்கள் மழை வேண்டிப் போகிற மரம். மற்றது உயர்ந்த அத்தி. இளவட்டங்கள் ஈட்டியோடு உட்கார்ந்திருப்பது அங்கேதான். அந்த ஒரு சொல்லைச் சொல்ல முடியாமல் சிரொங்கா வெறும் அத்திமரம் என்றுவிட்டான்; லெகிஷோனும் தன் பங்குக்கு மரியாதையாக, எந்த அத்தி என்று கேட்காமல், குட்டை அத்திக்குப் போய் நிற்கிறார். அண்ணாந்து மேய்வது என்று மரத்தைச் சொல்ல முடியுமா? லாரி ஊரைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் சூரியன் உச்சிக்கு வந்துவிடும். சிங்கமோ இளவட்டங்களின் காலடியில் படுத்திருக்கிறது.

அவள் சேர்மனைப் பார்த்தாள். அவர் மும்முரமாக மூக்குப்பொடியை ஆராய்ந்தார். அவளும் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது. மற்ற யாரையும்விட மகள் சொல்லவே கூடாது.

"லெகிஷோன் அண்ணே," என்றாள் பட்டனை அழுத்தி. "அந்த மரம் இல்ல. குட்டையா இல்லாத மரம். கேக்குதா? குட்டையா இல்லாதது!"

லெகிஷோன், "அட, ஆமா" என்றார், விழுந்து எழுந்தவர் போல. லாரி சீறிக்கொண்டு கிளம்பும் சத்தம் கேட்டது. பின்னணியில் டாக்டர், "குட்டையா இல்லாததுன்னா என்ன, நெட்டைன்னு சொல்ல மாட்டாங்களா இவங்க?" என்று கேட்டதும் கேட்டது. நல்லவேளை, அவர் பேசியது எங்கள் பேச்சில் இல்லை, சுவாஹிலியில்.

அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. ஜன்னல் கம்பியின் நிழல் சுருங்கிச் சுருங்கிச் சுவரடிக்கு வந்துவிட்டது. மேசையில் வைத்த டீயில் ஏடு படிந்தது. கடைசியில் ரேடியோ கரகரத்தது.

"நொலாரி..." லெகிஷோன்தான். குரலைத் தாழ்த்தி, நிறுத்தி நிதானமாகப் பேசினார். "நொலாரி, பெரியவர் தூங்கிட்டார்."

அவள் அப்படியே உறைந்துபோனாள்.

இதே ரேடியோ, இதே ஆள், இதே குரல். அப்பாவை மாடுகளுக்கு நடுவே வேலமரத்தடியில் கண்டெடுத்தவர் லெகிஷோன்தான். அன்றும் இப்படித்தான் குரலைத் தாழ்த்தி, முதலில் அவள் பெயரைச் சொல்லி, கொஞ்சம் நிறுத்தி, பெரியவர் தூங்கிட்டார் என்றார். வெயில் நேரத்தில் அப்பா தூங்குவதைச் சொல்வதற்காகவா ரேடியோவில் கூப்பிடுகிறார் என்று அன்று அவள் ஒரு நொடி சிரிக்கக்கூடச் செய்தாள்.

"எந்தத் தூக்கம்ணே?" என்றாள். "லெகிஷோன் அண்ணே, எந்தத் தூக்கம்?"

இரைச்சல். பள்ளத்தில் இறங்கிவிட்டார்கள்போல, அங்கே ரேடியோ எடுக்காது.

"பெரியப்பா, அவர் என்ன சொன்னாரு?"

"தூங்கிட்டாருன்னு சொன்னான்."

"அது எனக்கும் கேட்டுச்சு. மருந்து குடுத்துத் தூங்கினாரா, இல்ல..."

நம்பாசோ தலையைச் சொறிந்தார். "மருந்துத் தூக்கமா இருந்தா, மயங்கிட்டாருன்னு சொல்லுவான்ல?"

"அப்படின்னா?"

"ஆனா, சிங்கம்தானே? செத்தா செத்துப்போச்சுன்னு சொல்லுவான்ல?"

"அவர் பேர்க்காரராச்சே. செத்துப்போச்சுன்னு லெகிஷோன் அண்ணன் சொல்லுவாரா?"

"சொல்ல மாட்டான்" என்று ஒப்புக்கொண்டார் சேர்மன். "அவன் மரியாதை தெரிஞ்சவன்."

இரண்டு பேரும் ரேடியோவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மரியாதை தெரியாத ஓர் ஆள் அங்கே இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! கிழட்டு உடம்பு, பட்டினி வயிறு. மருந்து கொஞ்சம் கூடினாலும் எழுந்திருக்காது என்று அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். ஒருவேளை மருந்துக்கு முன்பே ஈட்டி போய்விட்டதோ?

மொபைல் அடித்தது. மெய்த்தாமே.

"அக்கா, உச்சிக்கு வந்துடுச்சு. என்ன ஆச்சு? கீழ பள்ளத்துல லாரிச் சத்தம் கேட்டுச்சு, அப்புறம் ஒண்ணும் காணோம். நாங்க எறங்கட்டுமா?"

ஈட்டி போகவில்லை. அதுவரை நிம்மதி. "தூங்கிட்டாருன்னு லெகிஷோன் அண்ணன் சொன்னாருடா" என்றாள்.

அவனுக்குப் பின்னால் இளவட்டங்கள் ஏதோ கேலி பேசிச் சிரிப்பது கேட்டது. மெய்த்தாமே அவர்களை அதட்டினான், அவர்கள் அடங்கினார்கள்.

"தூங்கிட்டாரா?" என்றான்.

"எந்தத் தூக்கம்னு தெரியலடா. கேக்கறதுக்குள்ள லைன் போயிடுச்சு."

"அக்கா, எனக்கு சந்தோஷமா இருக்கணும்ல? என் வெள்ளைக்கண்ணியைத் தின்னவன்." அவன் மூக்கை உறிஞ்சினான். "ஏன்னு தெரியல, சந்தோஷமே வரல."

"அழறியாடா?"

"புழுதி" என்றான். பிறகு, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி, "காலையிலேர்ந்து அதையேதான்க்கா யோசிச்சுக்கிட்டிருக்கேன். என் ஈட்டி மொதல்ல பட்டா நான்தானே பாடணும், இன்னாரைக் கொன்னேன்னு? எந்தப் பேரைச் சொல்லிப் பாடுவேன்? அவனைக் குத்தாம விட்டா நான் பயந்தாங்கொள்ளி. குத்தினா... சொல்லு, குத்தினா நான் யாரு?"

இத்தனை நாளும் நொலாரி, தம்பி ரத்தம் கேட்கிறான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். "ஈட்டியோட எறங்காதடா. மருந்துல மயங்கிக் கெடந்தா?"

"மயங்கிக் கெடக்கறவனைக் குத்திட்டு நான் பட்டிக்குள்ள வர முடியுமா? பொண்ணுங்க சாணியால அடிப்பாங்க. நாங்க சும்மா பாக்கத்தான் போறோம். லைனை வெக்காத."

அவன் இறங்கினான். கல் உருளும் சத்தமும் முள்ளில் சால்வை கிழியும் சத்தமும் யாரோ யாரையோ திட்டுவதும் போனில் கேட்டன. நம்பாசோ முக்காலியை இழுத்துக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்.

"அக்கா, இங்க யாரும் இல்ல."

"நல்லாப் பாருடா."

"பாத்துட்டேன். புல்லு படுத்தாப்பல அமுங்கியிருக்கு. ரெண்டு சொட்டு ரத்தம் இருக்கு. ஆறேழு பேர் இழுத்த தடம். அப்புறம் லாரித் தடம், சதுப்புப் பக்கம் போகுது."

"ரத்தமா?"

"ஊசி குத்தினாலும் ரத்தம் வரும்" என்றார் நம்பாசோ.

"அப்ப உயிரோட ஏத்தியிருக்காங்க" என்றாள் நொலாரி. உடனே, "செத்திருந்தாலும் ஏத்துவாங்கல்ல பெரியப்பா?" என்றாள்.

"ஏத்துவாங்க. தோலையும் பல்லையும் சர்க்கார் விட்டுட்டுப் போகுமா? வழக்கமா அப்படித்தான்."

"பெரியப்பா, நீங்க பேசாம இருங்க."

"நீதானே கேட்டே?"

அவர் முகம் தொங்கிப்போயிற்று. பாவம், அவருக்கும் தோழர்தானே. ஆட்டுக் கறி தின்ற அன்று அப்பாவோடு மல்லுக்கட்டித் தொடைக்கறியைப் பிடுங்கியவர் இவர்தான். இப்போது அந்தத் தோழரைப் பெயர் சொல்லிப் பேச வேண்டுமென்றாலும் அவர் பொட்டலுக்குத்தான் போக வேண்டும்.

மெய்த்தாமே லைனிலேயே இருந்தான். இளவட்டங்கள் புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள் என்றான். அமுங்கிய இடத்தை மட்டும் யாரும் மிதிக்கவில்லையாம். ஏன் என்று கேட்டால் அவர்களுக்கும் தெரியவில்லையாம். ஒருவன் மட்டும் காது கிழிந்த சிங்கத்தின் தடம்தான் பட்டிக்குப் பின்னால் இருந்தது என்று இப்போது புதிதாகச் சொல்ல ஆரம்பித்திருக்கிறான். "இவ்வளவு நாள் எங்கடா போயிருந்தே, நாக்கை அடகு வெச்சிருந்தியா?" என்று மெய்த்தாமே அவன்மேல் பாய்வது கேட்டது. நொலாரி ரேடியோவின் வாயைப் பார்த்தபடி இருந்தாள். இன்னொரு தடவை அப்பா தூங்கிவிட்டால் என்ன செய்வது? அவளுக்குப் பயமாக இருந்தது. சிங்கம் வேறு, அப்பா வேறு என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். அது மனதில் நிற்கவில்லை.

வெயில் சாய்கிற நேரத்தில் ரேடியோ கரகரத்தது.

லெகிஷோனின் குரல் அல்ல. மாலைப் பந்தாட்டத்தில் கோல் போட்டவனைப் போன்ற ஒரு குரல்.

"ஆபீஸ், ஆபீஸ்! டாக்டர் கியாலோ பேசறேன். சதுப்புக்கு இந்தப் பக்கம் வந்தாச்சு. நீங்க ஏன் பேர் இல்லன்னு சொன்னீங்க? பட்டையைக் கழட்டி மாத்தும்போது பாத்தேன், பெயிண்ட்ல பெருசா எழுதியிருக்கே!"

பின்னணியில் லெகிஷோன், "டாக்டர், வேணாம் டாக்டர், அதைக் குடுங்க" என்று கெஞ்சுவது கேட்டது. நம்பாசோ முக்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து ரேடியோவை அணைக்கும் பொத்தானை நோக்கிப் பாய்ந்தார். அதற்கு முன்பே நொலாரி அதன்மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்குத் தெரியாது. கை செய்தது.

"கொய்னெத்!" என்றார் டாக்டர். அவர்தான் சொன்னார், இந்தப் பழி நம்மைச் சேராது. "கொய்னெத் எழுந்துட்டான்! கொய்னெத் தண்ணி குடிச்சான், இப்ப நடக்கறான். கேக்குதா ஆபீஸ்?"

நன்றாகக் கேட்டது. அன்று முழுவதும் அவ்வளவு தெளிவாக எதுவும் கேட்டதில்லை. நம்பாசோ வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்து நின்றார். அவர் கண் நிறைந்துவிட்டிருந்தது; கோபமா வேறு ஏதாவதா என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை. நொலாரி பேசுகிற பட்டனை அழுத்தினாள்.

"சரியா கேக்கல டாக்டர். யாரு எழுந்ததா சொன்னீங்க?"

"கொய்னெத்! கொய்-னெத்! உங்க சிங்கம்!"

"இரைச்சலா இருக்கு டாக்டர். யாரு நடக்கறாங்க?"

டாக்டர் பாவம், மூச்சை இழுத்துக்கொண்டு, சதுப்பு முழுக்கக் கேட்கும்படி அந்தப் பெயரைக் கத்தினார். நொலாரிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. செய்வது பாவமா என்று அவளுக்கு விளங்கவில்லை, விளங்கிக்கொள்ளவும் தோன்றவில்லை. அப்போதுதான் மேசையில் மொபைல் இன்னும் லைனில் இருப்பது ஞாபகம் வந்தது. எல்லாம் அவன் காதிலும் விழுந்திருக்கும். வீட்டுக்கு மூத்த ஆண் இப்போது அவன்தான். கட்டுப்பாட்டை மீறினாள் என்று கண்டிக்க வேண்டியவனும் அவன்தான். போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"மெய்த்தாமே?"

அவன் மற்றவர்களை விட்டு விலகி நடப்பது போனில் கேட்டது.

"அக்கா," என்றான். "இன்னொரு தடவை கேளுக்கா."